இரண்டு நாள், ஒரே ஊர்: குளுவாங் கோப்பிப் பயணம்

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வார இறுதியில் ஊர் சுற்றக் கிளம்புவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். பிரான்சின் போர்தோவில் படிப்பவர்கள் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் படிப்பவர்களுக்குப் பரோசா பள்ளத்தாக்கு ஒரு மணி நேர வழிதான். கொடியைப் பார்த்து, மண்ணைத் தொட்டு, பிழியும் கூடத்தில் நின்று, கடைசியில் ஒரு வாய் சுவைத்துத் திரும்புகிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் திராட்சைத் தோட்டம் கிடையாது. ஆனால் அந்தப் பயணத்தைப் பயணமாக்கும் சங்கதி இங்கே இருக்கிறது. ஒரு பயிர், அது வளரும் மண், அதைப் பக்குவம் செய்யும் கை, முடிவில் நாக்கில் அதன் ருசி, இவை யாவும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. அந்தப் பயிர் காப்பி, அந்த ஊர் குளுவாங். மலேசியத் தமிழர் வாயில் அது கோப்பி. இந்த அத்தியாயத்திலும் அப்படியே இருக்கட்டும். ஜொகூரின் ஸ்கூடாயிலோ இஸ்கண்டார் புத்ரியிலோ படிக்கும் தமிழ் மாணவர், முதல் கூட்டுப் பயணத்துக்கு இரண்டு நாளையும் குளுவாங் ஒன்றுக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

வழக்கமான திட்டம் எப்படி இருக்கும்? சனிக்கிழமை காலை சிங்கப்பூர், இரவு திரும்பி வந்து ஞாயிறு லெகோலாண்ட், முடிந்தால் மாலையில் தேசாரு கடற்கரை. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில்தான். கணக்குத் தப்புவது கூட்டத்தில். தனியாகப் போகிறவர் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு எட்டுப் பேருக்கு முக்கால் மணி ஆகும். ஒருவர் கழிவறைக்குப் போவார், ஒருவர் பணம் எடுக்க இயந்திரம் தேடுவார், ஒருவருக்குச் சைவச் சாப்பாடு வேண்டும், ஒருவர் இன்னும் தூங்கி எழுந்திருக்கவே மாட்டார். ஒவ்வொரு இடமாற்றமும் இந்தத் தாமதங்களை எட்டால் பெருக்கும். இரண்டு நாளில் மூன்று இடம் என்று வைத்தால், பார்த்த நேரத்தை விடக் காத்திருந்த நேரம்தான் அதிகமாக நிற்கும். இடங்களைக் குறைத்தால் செலவும் குறையும், சண்டையும் குறையும். எட்டுப் பேர் என்ற எண்ணிக்கையும் சும்மா சொல்வதல்ல. ஓட்டுநர் நீங்கலாக நான்கு பேர் ஒரு காரில் உட்காரலாம். இரண்டு கார் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் வந்தால் மூன்றாவது கார் வேண்டும். கோப்பி வறுக்கும் கூடங்களும் சிறியவை; பதினைந்து பேர் ஒன்றாக உள்ளே நுழைந்தால் வேலை செய்கிறவருக்கு இடைஞ்சல்.

சிங்கப்பூர் ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, அதை விட்டுவிட்டு உள்நாட்டுக்குள் ஏன் போக வேண்டும் என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். மலேசியாவின் மாணவர் அனுமதி அதற்கு ஈடாகாது. எட்டுப் பேரில் ஒருவருக்கு விசா வரவில்லை என்றால் அவரை விடுதியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். முதல் பயணத்திலேயே ஒருவரை விட்டுச் செல்வது நட்புக்கு நல்லதல்ல. அடுத்தது நெரிசல். 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் உலகிலேயே மிகுந்த நெரிசலுள்ள தரைவழி எல்லைகளில் அதுவும் ஒன்று. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதியிருப்பதை இப்போது நம்ப வேண்டாம். இந்த மாற்றத்துக்குப் பிறகு சிங்கப்பூர்க்காரருக்கும் ஜொகூர்க்காரருக்கும் விடுமுறை ஒரே நாளில் விழுகிறது. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் பாலத்தில் நிற்பதற்கென்றே ஒரு பயணம் வேண்டியதில்லை. சிங்கப்பூரைத் தேர்வு முடிந்த பிறகு, வாரநாளில், விசாவோடு, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் போய்விடாது.

இனி கோப்பிக்கு வருவோம். தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குக் காப்பி என்றால் மலை. ஏற்காடு, வால்பாறை, தாண்டிக்குடி, எல்லை தாண்டினால் குடகு. குளிர், நிழல் மரம், மிளகுக்கொடி எல்லாம் சேர்ந்த காட்சி அது. ஜொகூரின் கோப்பித் தோட்டம் சமவெளியில் கிடக்கிறது. வெக்கை, ஈரம், சில இடங்களில் கறுப்பான சதுப்பு மண். இங்கே அராபிகா பிழைக்காது. இங்கே நிற்பது லிபெரிகா என்ற இன்னொரு இனம். மலேசியாவில் பயிராகும் கோப்பியில் மிகப் பெரும்பகுதி இதுதான். உலகச் சந்தையிலோ இதன் பங்கு மிக மிகச் சிறியது. அராபிகாவை மட்டும் பார்த்தவருக்கு இந்த மரம் வேறு ஏதோ பழமரம் போலத் தோன்றும். இலை உள்ளங்கையை விடப் பெரியது, தடிப்பானது, மினுமினுப்பானது. வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரைக்கு மேல் போய்விடும், அதனால் கைக்கெட்டும் உயரத்துக்குக் கவாத்து செய்து வைத்திருப்பார்கள். பழமும் பெரிது, தோல் தடித்தது. அதைப் பிளந்து பாருங்கள்: கொட்டை ஒரு பக்கம் கூராக, சற்றே கோணலாக இருக்கும். தோலும் சதையும் இவ்வளவு தடிப்பாக இருப்பதால் ஒரு கிலோ கொட்டைக்கு ஏறத்தாழ 10 கிலோ பழம் பறிக்க வேண்டும். அராபிகாவுக்கு 5, 6 கிலோ போதும். இந்தக் கோப்பி ஏன் பெரிய வணிகமாகவில்லை என்பதற்கு அந்த ஒரு கணக்கே விடை. வறுத்ததும் வரும் மணத்தைப் பலாப்பழத்தோடு ஒப்பிடுவார்கள். பலா தின்று வளர்ந்த நமக்கு அந்த ஒப்பீடு ஐரோப்பியருக்குப் புரிவதை விட நன்றாகவே புரியும்.

இந்த இனம் இங்கே வந்த கதையில் தமிழருக்குப் பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் பயணத்துக்கு வேறு கனம் வரும். இலங்கையின் மலைநாட்டில் காப்பி பயிரிடத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களைக் கூட்டிப்போனார்கள். 1869-இல் அங்கே காப்பி இலைகளில் துருநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுக்குள் அந்தத் தொழிலையே அழித்துவிட்டது. இலங்கை தேயிலைக்கு மாறியது. துருவைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் 1870-களில் ஆசியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததுதான் மேற்கு ஆப்பிரிக்காவின் லிபெரிகா. மலாயாவில் 1890-களின் முற்பகுதியில் கோப்பி செழித்தது, அந்தத் தோட்டங்களிலும் தமிழர் உழைத்தார்கள். பிரேசிலில் விளைச்சல் பெருகி உலக விலை சரிந்ததும் முதலாளிகள் கோப்பியைக் கைவிட்டு ரப்பருக்குப் போனார்கள். கோப்பி சிறு விவசாயிகளின் கொல்லையில் தங்கிவிட்டது. ஜொகூரின் மேற்குக் கரையில் குடியேறிய ஜாவாக்காரர்கள் தென்னைக்கு நடுவே அதைக் காப்பாற்றி வந்தார்கள். தோட்ட மேற்பார்வையாளரே தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணி முறையில் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. குளுவாங் ரயில் நிலையத்தின் கோப்பிக்கடை தொடங்கியதும் அதே 1938-இல்தான். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றாலும், அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடையில் உட்காரலாம்.

அந்தக் கடையைப் பற்றி இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதன் கிளைகள் இப்போது ஊர் ஊராக, பேரங்காடிக்குள்ளும் வந்துவிட்டன. ஜொகூர் பாருவிலேயே குடித்துவிடலாமே என்பார்கள். கோப்பை ஒன்றுதான் வேண்டுமென்றால் குடிக்கலாம். ஆனால் கோப்பைக்கு முந்திய வேலைகளைப் பேரங்காடியில் யாரும் காட்ட மாட்டார்கள். வறுக்கும் கூடத்தில் நடப்பதைக் கவனியுங்கள். கொட்டை நன்றாகக் கறுக்கும் வரை வறுபட்டதும் சீனியும் மார்ஜரினும் கொஞ்சம் உப்பும் உள்ளே போகும். சீனி உருகிப் பாகாகி ஒவ்வொரு கொட்டையையும் மூடும். வெளியே கொட்டும்போது அது உதிரியாக இருக்காது, கடலைமிட்டாய் போலத் திட்டாக ஒட்டிக் கிடக்கும். ஆறவிட்டு, உடைத்து, அதற்குப் பிறகுதான் அரைப்பார்கள். கடையில் அந்தத் தூளைத் துணிப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, நீண்ட மூக்குள்ள பாத்திரத்தில் இறக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். தடித்த பீங்கான் கோப்பையை வெந்நீரில் சூடாக்கி, அடியில் கெட்டிப்பாலை விட்டு, மேலே கோப்பியை ஊற்றித் தருவார்கள். கலக்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு கலக்குங்கள். இரண்டும் இரண்டு பானம். பால் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ’. சீனியும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. வெறுமனே ‘கோப்பி’ என்று கேட்டால் கெட்டிப்பாலோடுதான் வரும்.

சீனியும் மார்ஜரினும் சேர்த்த பிறகு அது கலப்படம்தானே, மண்ணின் ருசி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் டிகிரி காப்பியில் சிக்கரி இருக்கிறது, அதை நாம் கலப்படம் என்று ஒதுக்குவதில்லை. அந்தக் காப்பியின் முறையே அது. ஒரு மக்கள் கூட்டம் தன் கைக்குக் கிடைத்த கொட்டையை எப்படிப் பக்குவப்படுத்தக் கற்றது என்பதும் அந்த மண்ணின் வரலாறுதான். ஆனாலும் கேள்வியை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அண்மைக் காலமாகச் சீனி சேர்க்காமல் இளவறுவலாக லிபெரிகா செய்பவர்களும் வந்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் பழைய முறையில் ஒன்றுமாக இரண்டையும் ஒரே நாளில் சுவைத்துப் பார்ப்பதுதான் சரியான விடை. வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ‘குலா’ என்றால் சீனி, ‘மார்ஜரின்’ என்றால் மார்ஜரின். வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அப்பா அம்மாவில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், இந்த வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒரு நாள் கோப்பிக்குப் போனால் மறுநாள் என்ன செய்வது? இங்கேதான் குளுவாங்கைச் சின்ன ஊர் என்று தள்ளுபவர்கள் தவறு செய்கிறார்கள். ஊரை ஒட்டியே 510 மீட்டர் உயரத்தில் லம்பாக் மலை நிற்கிறது. காலையில் வெயில் ஏறுமுன் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடலாம். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், செருப்போடு ஏறக்கூடாது. மலைக்கு வராதவர்களுக்கு ஆட்டுப் பண்ணையும் இயற்கை வேளாண் பண்ணையும் ஊருக்கு வெளியே உண்டு. ரயில் நிலையத்துக்கும் வரலாறு உண்டு. ஜொகூர் மாநில ரயில்பாதை 1909-இல் முடிந்தது, அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் இந்த ஊர் வளர்ந்தது. 1942-இல் சிங்கப்பூரைப் பிடிக்க வந்த ஜப்பானியத் தளபதி யமாஷித்தா தன் தலைமையகத்தை இங்கே வைத்திருந்தார். ‘குளுவாங்’ என்ற பெயரே பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

ஊரைச் சுற்றிலும் தோட்டப்புறம். பால்மரம் என்று இங்கே சொல்லும் ரப்பர் இருந்த இடத்தில் பெரும்பாலும் இப்போது செம்பனை. பால்மரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் மரத்தின் இடுப்பில் சாய்வாக ஓடும் வெட்டுக்கோட்டையும் அடியில் கட்டிய கிண்ணத்தையும் காணலாம். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், அதனால் எட்டு மணிக்குப் போகிறவர் வேலை முடிந்த மரத்தைத்தான் பார்ப்பார். மூன்று தலைமுறைத் தமிழர் வாழ்ந்த லயங்கள் என்ற வரிசை வீடுகள் பல காலியாகிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பயிர் மாறி, மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது வேலை செய்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள் உண்டு. இதைப் பார்க்கப் போவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் வாழும் இடம் காட்சிப் பொருள் அல்ல. தோட்டங்கள் தனியார் நிலம், வாசலில் காவலர் இருப்பார். அனுமதி கேட்காமல் உள்ளே போகக்கூடாது, வீட்டு முற்றத்தைப் படம் எடுக்கக்கூடாது, ‘பாவம்’ என்ற பார்வையோடு யாரையும் பார்க்கக்கூடாது. கோயிலுக்குப் போகிறவராகப் போங்கள், கும்பிடுங்கள், பெரியவர் யாராவது இருந்தால் ‘ஐயா’ என்று தமிழில் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்பார். அவருடைய தாத்தாவின் ஊர்ப் பெயரை அவரும் சொல்லக்கூடும்.

மதுவைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடுவோம், ஏனென்றால் கூட்டுப் பயணத்தில் யாராவது கேட்பார்கள். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக்கூடாது. இளநிலை மாணவர்களில் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். வண்டி ஓட்டுபவருக்கான இரத்த மது அளவு 2020-இல் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது; மீறினால் அபராதத்தோடு சிறையும் உண்டு. மாணவர் அனுமதியில் இருப்பவர் வழக்கில் சிக்கினால் படிப்பே போய்விடக்கூடும். இந்த மண்ணின் தமிழருக்கு இதில் இன்னொரு நினைவும் இருக்கிறது: 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. குடியில்லாத கோப்பிப் பயணத்தை இந்த நூல் முன்வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போய்வரும் ஏற்பாடு எளிது. ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஜேபி சென்ட்ரலிலிருந்து ரயிலும் லார்க்கின் சென்ட்ரலிலிருந்து பேருந்தும் உண்டு. ரயிலே மேல், ஏனென்றால் இறங்கும் இடத்திலேயே கோப்பி இருக்கிறது. வாடகைக் கார் வசதிதான், ஆனால் இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாத யாரும் ஓட்டக்கூடாது. ஓட்டுபவருக்கு அந்த இரண்டு நாளும் ஓய்வில்லை என்பதையும் மற்றவர்கள் யோசிக்க வேண்டும். ஊருக்குள் கிராப் வாடகை வண்டி கிடைக்கும். ஊருக்கு வெளியே உள்ள பண்ணையில் இறங்கினால் திரும்பி வர வண்டி கிடைப்பது நிச்சயமில்லை, அதனால் கொண்டுவிட்ட ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வறுக்கும் கூடத்துக்கும் பண்ணைக்கும் முந்தைய வாரமே தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பணப்பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் கிளம்புமுன்பே எல்லாரிடமும் ஒரே தொகை வாங்கி, மிச்சத்தைப் பிரித்துத் தரட்டும். பயணம் முடிந்த பிறகு வசூல் செய்வது நடக்காத காரியம். சின்னக் கடைகளுக்கு ரொக்கமாகக் கொஞ்சம் ரிங்கிட் வைத்திருங்கள். கடவுச்சீட்டு இல்லாமல் வெளியூர் போகக்கூடாது, ரயில் முன்பதிவுக்கும் விடுதிக்கும் அதன் எண் தேவைப்படும். சைவர்களுக்கு இந்திய உணவகம் ஊருக்குள் கிடைக்கும். கோப்பிக்கடையில் முட்டை சேராத பண்டம் குறைவு, ரொட்டியில் தடவும் காயாவிலும் முட்டை உண்டு என்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்ளுங்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங்கும் தப்பவில்லை, 2023 மார்ச்சிலும் இந்தப் பகுதிகள் வெள்ளத்தைப் பார்த்தன. மே முதல் செப்டம்பர் வரை உள்ள ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை காலை முதல் ரயிலைப் பிடிக்கப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் அந்த நிலையக் கடையில் எட்டுப் பேருக்கு ஒரே மேசை கிடைப்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் சீட்டைப் போகும் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.